கேள்வி கேட்கும் மன்றம், கையெழுத்திடும் ஆணையர்: வடாலாவிலிருந்து மும்பை மாநகராட்சி வரலாறு

வடாலா ரோடு ரயில் நிலையத்தின் மேற்கே ரஃபி அகமது கித்வாய் சாலையும் அதை ஒட்டி அளவெடுத்து வகுத்த தெருக்களும் உள்ளன. கிழக்கே துறைமுக ஆணையத்தின் நிலமும் அதற்கப்பால் உப்பளங்களும் நெருக்கமான குடிசைப் பகுதிகளும் விரிகின்றன. வடாலாவில் ஒரு சாக்கடை அடைத்துக்கொண்டால், குடியிருப்போர் முதலில் தேடுவது தாம் வாக்களித்த மாமன்ற உறுப்பினரை. அவர் மாட்டுங்காவிலுள்ள எஃப் வடக்கு வார்டு அலுவலகத்துக்குச் செல்வார். அங்கே உத்தரவிடுபவர் உதவி ஆணையர். அவருக்கு மேலே துணை ஆணையர், கூடுதல் ஆணையர், எல்லோருக்கும் மேலே மாநில அரசு நியமிக்கும் ஆணையர். இந்த வரிசையில் மேயர் எங்கும் இல்லை. நகரின் முதற்குடிமகன் என்று போற்றப்படுபவருக்கு ஒரு சாக்கடையைத் தூர்வார உத்தரவிடும் அதிகாரம் சட்டத்தில் இல்லை. இந்த ஏற்பாட்டின் வேர் ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்னே செல்கிறது.

1865ஆம் ஆண்டுச் சட்டம் பம்பாய் நகராட்சியின் நிர்வாகத்தை ஆணையர் என்ற ஒரே அதிகாரியிடம் ஒப்படைத்தது. முதல் ஆணையர் ஆர்தர் கிராஃபோர்ட். சாலை, வடிகால், சந்தை என்று அவர் நகரின் முகத்தையே மாற்றினார். அவர் பெயர் தாங்கிய சந்தை இன்றும் நிற்கிறது. ஆனால் செலவு வரவை மீறியது. அவரைக் கட்டுப்படுத்த வேண்டிய நியமன உறுப்பினர்களான அமைதி நீதிபதிகள், தாம் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத நிலையில், கணக்கைக் கவனிக்கத் தவறினர். 1871இல் வரி செலுத்துவோரின் கிளர்ச்சி வெடித்தது.

அப்போது இளம் வழக்கறிஞராக இருந்த ஃபெரோஸ்ஷா மேத்தா, கூட்டத்தின் மனநிலைக்கு எதிரான ஒரு வாதத்தை முன்வைத்தார். நோய் ஆணையரின் அதிகாரத்தில் இல்லை, அவரைக் கண்காணிப்பவர்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்படாததில் இருக்கிறது என்றார். நிர்வாகத்தைக் குழுக்களிடம் பிரித்துக் கொடுத்தால் பொறுப்புச் சிதறும். ஆகவே செயலாற்றும் கை ஒன்றாக இருக்கட்டும், அதன் மீது காவலிருக்கும் கண்கள் தேர்தலின் வழி வரட்டும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

1872ஆம் ஆண்டுச் சட்டம் இந்தத் திசையில் முதல் அடி எடுத்து வைத்தது. 64 உறுப்பினர்களில் பாதிப் பேரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுத்தனர். அடுத்து வந்த 1888ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உருக்கொடுத்ததில் மேத்தாவுக்கும் காசிநாத் திரியம்பக் தெலாங்குக்கும் பெரும்பங்கு உண்டு. பலமுறை திருத்தப்பட்டும் மும்பையை இன்றுவரை ஆள்வது அச்சட்டமே. அதன் 64ஆம் பிரிவு, நகராட்சி ஆட்சி மாமன்றத்தைச் சார்ந்தது என்கிறது. அதே பிரிவு, செயலாட்சி அதிகாரம் முழுவதும் ஆணையரைச் சார்ந்தது என்றும் சொல்கிறது. அந்த ஆணையரை நீக்க வேண்டுமானால் மொத்த உறுப்பினர்களில் எட்டில் ஐந்து பங்கினர் வாக்களிக்க வேண்டும்.

இவ்விரு அதிகாரங்களுக்கும் இடையிலான பாலம் நிலைக்குழு. ஆணையர் பிப்ரவரி 5ஆம் நாளுக்குள் வரவு செலவுத் திட்டத்தை இக்குழுவிடம் வைக்க வேண்டும். குழு அதைத் திருத்தி மாமன்றத்துக்கு அனுப்பும். குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களும் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும். குழு ஒரு முன்மொழிவை ஏற்கலாம், மறுபரிசீலனைக்குத் திருப்பலாம், அல்லது ‘தப்தரி தாக்கல்’ செய்யலாம். கோப்பில் சேர்ப்பது என்று பொருள்படும் இந்த மராத்தித் தொடர், நடைமுறையில் நிராகரிப்பையே குறிக்கும். மாமன்ற உறுப்பினரின் உண்மையான ஆயுதங்கள் இவைதாம்: கேள்வி, தீர்மானம், ஒப்புதலை நிறுத்திவைத்தல்.

கண்காணிப்பு இல்லாத அதிகாரம் என்ன செய்யும் என்பதற்கு வடாலாவின் மண்ணே சான்று. 1896இல் பிளேக் நோய் நகரைத் தாக்கியது. 1898இல் பம்பாய் மேம்பாட்டு அறக்கட்டளை அமைக்கப்பட்டது. அதில் மாமன்றம் அனுப்பிய உறுப்பினர்கள் சிறுபான்மையினரே. நெரிசலான பகுதிகளை இடிப்பதும் வடக்கே புதுக் குடியிருப்புகளை உருவாக்குவதும் அதன் பணி. தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளிலும், ‘ஸ்கீம் 57’ என்ற எண் பெற்ற சிவ்ரி-வடாலா திட்டத்திலும் வயல்களும் சதுப்பும் மனைகளாயின. தமிழ் நடுத்தர வர்க்கத்தின் மாட்டுங்கா இப்படி எழுந்ததுதான். திட்டம் அழகானது, ஆனால் இடிக்கப்பட்ட வீடுகளின் ஏழைகளுக்கு அந்தப் புது மனைகள் எட்டாக்கனி. அறக்கட்டளையின் பணிகள் மாநகராட்சிக்குள் முழுமையாக இணைந்தது 1933இல்தான்.

மன்றத்திலும் அந்த ஏழைகளுக்கு நெடுங்காலம் குரல் இல்லை. தொடக்கத்தில் வாக்குரிமை வரி செலுத்தும் உடைமையாளரிடம் இருந்தது. 1922இல் மாதம் பத்து ரூபாய் வாடகை கொடுப்பவருக்கும் அது கிடைத்தது. மாட்டுங்காவில் வாடகைக்குக் குடியிருந்த எழுத்தருக்கு அந்தத் தொகை எட்டக்கூடியது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியின் தோல் தொழிலில் உழைத்தவருக்கு அது கடினம். வயது வந்தோர் அனைவருக்கும் வாக்கு என்ற அடிப்படையில் மாநகராட்சித் தேர்தல் நடந்தது 1948இல். எழுத்தரின் வாக்கும் தோல் தொழிலாளியின் வாக்கும் அப்போதுதான் சமமாயின.

மேயர் என்ற பெயர் இந்த வரலாற்றில் தாமதமாக வந்தது. அதுவரை தலைவர் என்றே அழைக்கப்பட்ட பதவி 1931இல் மேயர் ஆயிற்று, முதல்வர் ஜே. பி. போமன் பெஹ்ராம். பெயர் மாறியது, அதிகாரம் மாறவில்லை. மேயர் அவைக்குத் தலைமை தாங்குவார். வாக்குகள் சமமானால் தம் வாக்கால் முடிவு செய்வார். ஆயினும் அந்த நாற்காலிக்கு அறம் சார்ந்த எடை இருந்தது. 1942இல் யூசுஃப் மெஹர் அலி சிறையில் இருந்தபோதே மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதை அந்த எடையின் அடையாளமாகக் கொள்ளலாம்.

அந்த எடையை அதிகாரமாக மாற்றும் முயற்சியும் ஒருமுறை நடந்தது. கல்கத்தாவில் 1980களிலிருந்து இயங்கிய மேயர்-மன்றக் குழு முறையை, 1998இல் மகாராஷ்டிர அரசு மும்பைக்குக் கொண்டுவந்தது. மேயரும் அவரது குழுவும் அமைச்சரவைபோல் செயலாட்சி நடத்துவது அதன் நோக்கம். 1999இலேயே அது கைவிடப்பட்டது. மேத்தாவின் ஏற்பாடு மீண்டது.

அந்த ஏற்பாட்டின் மறுபக்கம் 2022இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு மார்ச் 7ஆம் நாள் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. ஆணையரே நிர்வாகியானார்; மாமன்றம், நிலைக்குழு இரண்டின் அதிகாரமும் அவரிடம் சென்றது. வரவு செலவுத் திட்டத்தை முன்வைத்தவரும் அதற்கு ஒப்புதல் அளித்தவரும் ஒருவரே. 2022-23இல் ஏறத்தாழ 45,949 கோடி ரூபாயாக இருந்த திட்டம் 2025-26இல் 74,427 கோடியைத் தொட்டது. தேர்தல் 2026 ஜனவரியில்தான் நடந்தது. சென்னையும் 2016 முதல் 2022 வரை மன்றமின்றி இதே நிலையில் இருந்தது. இரு நகரங்களிலும் குப்பை அள்ளப்பட்டது, குழாயில் நீர் வந்தது. மன்றம் இல்லாததைப் பலர் உணரவே இல்லை. இந்த வரலாற்றின் ஆபத்து அதில்தான் இருக்கிறது. செயலாட்சி ஒரே கையில் இருப்பதால் மன்றம் மறைந்தாலும் இயந்திரம் ஓடும். அதை நிறுத்திக் கேள்வி கேட்பவர் மட்டும் இருக்கமாட்டார். 1871இல் மேத்தா கேட்டது வலிமையான ஆணையரையும் அவரைக் கண்காணிக்கும் மன்றத்தையும் சேர்த்து. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் அது கிராஃபோர்டின் காலத்துக்குத் திரும்புவதே ஆகும்.

வடாலாவுக்கு இது ஏட்டுச் செய்தி அல்ல. அங்கே துறைமுக நிலமும் உப்பளமும் மத்திய அரசைச் சார்ந்தவை. சரக்குந்து முனையப் பகுதியின் திட்டமிடல் பெருநகர வளர்ச்சி ஆணையத்திடம் உள்ளது. தாராவியின் மறுசீரமைப்பு மாநில அரசின் கையில் இருக்கிறது. மாமன்ற உறுப்பினருக்கு எஞ்சுவது சாலை, குடிநீர், மருந்தகம், பள்ளி. மாநகராட்சி எட்டு மொழிகளில் நடத்தும் பள்ளிகளில் தமிழ்ப் பள்ளிகளும் உண்டு. மாணவர் எண்ணிக்கை குறைந்து ஒரு தமிழ் வகுப்பு மூடப்படும் நிலை வந்தால், அதற்குக் காரணம் கேட்கும் இடம் கல்விக்குழுவின் மேசை. அந்த மேசையில் யாரும் இல்லாத ஆண்டுகளில் கேள்வி எழவில்லை என்பது, பதில் தேவைப்படவில்லை என்று ஆகாது.