பீலித் தண்ணீரும் பொன் மின்வாயும்: ஆசனிக் அளவீட்டின் வரலாறு

சப்ரகமுவவில் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களின் பல லயங்களுக்கு மலை ஊற்றிலிருந்து பீலி வழியாக வரும் தண்ணீரே குடிநீர். ஆசனிக்குக்கு நிறமோ மணமோ சுவையோ இல்லாததால், தெளிந்த நீர் என்பது அது இல்லை என்பதற்குச் சான்றாகாது. இத்தோட்டங்களின் நீர் நஞ்சாகிவிட்டது என்று இக்கட்டுரை சொல்லவில்லை. 'பாதுகாப்பான அளவு' என்பது நஞ்சின் இயல்போடு அதை அளக்கும் கருவியின் திறனையும் பொறுத்தே மாறிவந்தது என்பதே இதன் வாதம்.

1. கண்ணால் பார்த்த காலம்

1833இல் இங்கிலாந்தில், கோப்பியில் ஆசனிக் கலந்து முதியவர் ஒருவரைக் கொன்றதாக வழக்கு நடந்தது. ஆசனிக்குக்குச் சான்றாக வேதியியலாளர் ஜேம்ஸ் மார்ஷ் காட்டிய மஞ்சள் வீழ்படிவு விசாரணைக்கு முன்பே கெட்டுப்போக, குற்றஞ்சாட்டப்பட்டவர் விடுதலையானார். அந்தத் தோல்விக்குப் பின் மார்ஷ் 1836இல் வெளியிட்ட முறையில், நாகமும் அமிலமும் ஆசனிக்கை வாயுவாக்கின. சூடேற்றியபோது அது கண்ணாடியில் கரும்படலமாகப் படிந்தது. 1879இல் வேதியியலாளர் குட்சைட் அந்த வாயுவைத் தாளில் கறையாக்கினார். இந்த வழிவந்த களச் சோதனைப் பெட்டிகளே 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் வங்கதேசத்தின் ஏறத்தாழ 50 இலட்சம் குழாய்க்கிணறுகளைச் சோதித்தன. பாதுகாப்பு எல்லைக்கு அருகிலான அளவுகளில் கறையைக் கண்ணால் மதிப்பிடுவது நம்பகமற்றது என்று ஆய்வாளர் தீபங்கர் சக்ரவர்த்தி குழுவினர் 2002இல் எடுத்துக்காட்டினர்.

2. மின்னோட்டம் சொன்ன அளவு

1922இல் பிராக் நகரில் யாரொஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி, சொட்டும் இரசத்தை மின்வாயாக்கி மின்னிரசாயனப் பகுப்பாய்வுக்கு வழிதிறந்தார். ஆனால் ஆசனிக் இரசத்தில் எளிதில் கரைவதில்லை. 1975இல் ஃபோர்ஸ்பெர்க் குழுவினர் பொன் மின்வாயில் இதற்கு நல்ல விடை கண்டனர். அமில நீரில் எதிர் மின்னழுத்தம் கொடுத்தால் ஆசனிக்கின் ஒரு வடிவமான ஆசனிக்(III) தாழ்த்தப்பட்டு பொன்மேல் படியும். பிறகு மின்னழுத்தத்தை நேர்ப்பக்கம் நகர்த்தினால் அது ஒட்சியேறிக் கழன்று நீருக்குத் திரும்பும். அப்போது எழும் மின்னோட்டத்தின் முகடே அளவைச் சொல்லும். முதலில் சேர்த்துவைத்துப் பின்னர் ஒரேயடியாகக் கழற்றுவதால் நுண்ணளவும் புலப்படுகிறது. 2004இல் ஒக்ஸ்ஃபோர்டில் கொம்ப்டன் குழுவினர் பொன் நுண்துகள்களால் மின்வாயை மேம்படுத்தினர்.

மற்றொரு வடிவமான ஆசனிக்(V) இவ்வாறு எளிதில் படியாது. மொத்த அளவு வேண்டுமானால் அதை முன்கூட்டியே தாழ்த்த வேண்டும். செப்பு இருந்தால் அதுவும் பொன்மேல் சேர்ந்து படிந்து முகட்டைக் குழப்பும்.

3. எல்லையும் கருவியும்

உலக சுகாதார நிறுவனம் 1958இல் லீற்றருக்கு 200 மைக்ரோகிராமை ஏற்றது; 1963இல் 50 ஆக்கியது; 1993இல் 10 ஆகக் குறைத்தது. கடைசி எண் 'தற்காலிகமானது'. நடைமுறையில் எவ்வளவு நுணுக்கமாக அளக்க முடியும் என்பதும் அதைத் தீர்மானித்தது. இலங்கையின் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614 (2013) கூறும் எல்லையும் 10தான்.

4. தோட்டத்துக்கு வரும்போது

2011இல் களனிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர் ரஜரட்டப் பகுதியில் பரவிய சிறுநீரக நோயோடு ஆசனிக்கைத் தொடர்புபடுத்தியபோது, அளந்த எண்களே சர்ச்சைக்குள்ளாகின. சப்ரகமுவவில் இன்னொரு கவனமும் தேவை. 1946இல் இலங்கைக்கு வந்த தேயிலைக் கொப்புள நோய்க்குச் செப்புப் பூஞ்சைக்கொல்லி தெளிக்கும் வழக்கம் உருவானது. மேட்டுத் தேயிலையிலிருந்து வடிந்துவரும் நீரில் செப்பும் இருக்கக்கூடும். ஆகவே இங்கே செப்பைச் சரிபார்க்காமல் தரும் ஆசனிக் எண்ணை ஏற்க இயலாது. பொன் மின்வாயைப் பீலியடிக்குக் கொண்டுபோகிறவர், அந்தப் பீலிக்கு மேலே எந்த மலை, எந்தப் பயிர் என்பதையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும்.