கோலும் குழலும்

வாணம் விட்டுப் பழகிய கைகளுக்கு ஓர் உண்மை தெரியும். வாணத்தின் வால்குச்சியை வாய் அகன்ற புட்டியில் நிறுத்தினால் அது சாய்ந்து, கூரைமேலோ கூட்டத்தின்மேலோ பாயும். குச்சி இறுகிக்கொள்ளும் குறுகிய வாயில் செருகினாலோ, எழும்ப இயலாமல் நின்ற இடத்திலேயே எரிந்து தீரும். இரண்டுக்கும் இடையே பொருத்தமான ஓர் அளவு இருக்கிறது. அவ்வளவைத் தேடி மனிதன் நடத்திய முயற்சியே ராக்கெட் வரலாற்றின் ஒரு பகுதி என்றால் அது மிகையன்று.

ராக்கெட்டை நேராகச் செலுத்துவது எது? அதன் வாலிலுள்ள சிறகுகள் என்போம். ஆனால் சிறகுகள் பணிபுரியக் காற்று அவற்றின்மீது விரைந்து பாயவேண்டும். புறப்படும் கணத்தில் ராக்கெட்டுக்கு வேகமே இல்லை. ஆதலால் சிறகுகளும் செயலற்றிருக்கின்றன. அந்த முதற்கணத்தில் அதன் கையைப் பிடித்து நடத்த மற்றொன்று தேவைப்படுகிறது. அதுவே கோல்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த ஹஸன் அர்-ரம்மாஹ், போர்க்கலை பற்றிய தம் நூலில் வெடிமருந்துக் கலவைகள் பலவற்றை அளவோடு எழுதிவைத்தார். நீரின்மேல் தானே ஓடி எரியும் முட்டை வடிவக் கருவியொன்றையும் அவர் விவரித்துள்ளார். ராக்கெட்டால் உந்தப்படும் அக்கருவிக்கு இரண்டு கோல்கள் பொருத்தப்பட்டிருந்தன. உந்துவிசை மட்டும் போதாது, அதற்கு வழிகாட்டியும் வேண்டும் என்ற எண்ணம் அன்றே இருந்ததை இது காட்டுகிறது.

இக்கலையைப் போர்க்களத்தில் உயர்த்திய பெருமை மைசூருக்கு உரியது. ஹைதர் அலியும் அவர் மைந்தர் திப்பு சுல்தானும் தாள் குழாய்க்குப் பதிலாக இரும்புக் குழாயில் மருந்தை அடைத்தனர். அதனால் உள்ளழுத்தம் மிகுந்தது, தூரமும் மிகுந்தது. அக்குழாயை நீண்ட மூங்கிற்கோலுடன் தோல்வாரால் இறுகக் கட்டினர். 1780 செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில், கர்னல் பெய்லியின் படை சிதைந்த அன்று, இந்த ராக்கெட்டுகள் நம் தமிழ்மண்ணின் மீதே பறந்தன.

1799 மே 4-ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. சுல்தான் வீரமரணம் எய்தினார். அவருடைய ராக்கெட்டுகளோ இங்கிலாந்து சென்றன. அவற்றை முன்மாதிரியாகக் கொண்டு வில்லியம் காங்கிரீவ் தம் ராக்கெட்டுகளை அமைத்தார். 1806-இல் புலோன் துறைமுகத்தின் மீதும், 1807-இல் கோபன்ஹேகன் நகரின் மீதும் அவை ஏவப்பட்டன. அவருடைய 32 பவுண்டு ராக்கெட்டுக்குப் பொருத்தப்பட்ட கோலின் நீளம் 15 அடி! பக்கவாட்டில் கட்டிய கோல் எடையை ஒருபுறம் சாய்த்தமையால், பின்னர் அவர் அதை அடிப்பாகத்தின் நடுவில் பொருத்தினார். 1844-இல் வில்லியம் ஹேல் என்பவர் புகைவழிகளைச் சாய்வாக அமைத்து, ராக்கெட்டைச் சுழலச் செய்து, கோலையே நீக்கினார்.

நீங்கிய கோல் நூறாண்டுகளுக்குப் பின் வேறு உருவில் திரும்பி வந்தது. இம்முறை போருக்காக அன்று, பிள்ளைகளுக்காக.

1957 அக்டோபர் 4-இல் ஸ்புட்னிக் விண்ணேறியபின், அமெரிக்கச் சிறுவர்களிடையே ராக்கெட் மோகம் பெருகியது. வீட்டிலேயே இரும்புக் குழாயில் மருந்தடைத்து விட முயன்றவர்கள் விரல்களை இழந்தனர், உயிரிழந்தோரும் உண்டு. மைசூருக்கு வெற்றி தந்த இரும்புக் குழாய், அறியாச் சிறுவர் கையில் வெடிகுண்டாயிற்று. இந்த ஆபத்துக்கு மாற்று, நெப்ராஸ்கா மாநிலத்து நார்ஃபோக் நகரில் காலணிக் கடை நடத்திய ஆர்வில் கார்லைலிடம் இருந்தது. அவர் 1954-இலேயே தம் சகோதரருடன் தாளும் இலேசான மரமும் கொண்டு சிறு ராக்கெட் செய்திருந்தார். வொயிட் ஸாண்ட்ஸ் ஏவுகணைத் தளத்தில் பணிபுரிந்த ஹாரி ஸ்டைன் இதன் அருமையை உணர்ந்தார். ஆலையில் செய்த எஞ்சின், தாளுடல், வகுத்த விதிகள் ஆகிய மூன்றும் சேர்ந்து மாதிரி ராக்கெட் கலை பிறந்தது.

இக்கலையில் கோல் ராக்கெட்டோடு பறப்பதில்லை, தரையிலேயே நிற்கிறது. பெரும்பாலான சிறு ராக்கெட்டுகளுக்கு அது 3 அடி நீளமும் எட்டில் ஓர் அங்குலக் கனமும் உள்ள எஃகுக் கம்பி. ராக்கெட்டின் பக்கத்தில் ஒட்டப்பட்ட சிறு தாள்குழல் அக்கம்பியில் கோக்கப்படுகிறது. இக்குழலை லாஞ்ச் லக் என்பர். கம்பியின் கனம் சுமார் 3.2 மில்லிமீட்டர், குழலின் உள்ளளவு சுமார் 4 மில்லிமீட்டர். இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பயணம் முழுவதும் அந்த இடைவெளியை நம்பியே தொடங்குகிறது.

குழல் இறுகினால் ராக்கெட் கம்பியிலேயே சிக்கி எரியும். குழல் பெருத்தால் அது ஆடி, கோணலாகக் கிளம்பும். எடை மிகுந்த ராக்கெட்டை மெல்லிய கம்பியில் ஏற்றினால், கம்பி சாட்டைபோல் வளைந்து அதைத் திசைமாற்றி எறியும். அதற்குப் பதினாறில் மூன்று அங்குலக் கம்பியும், அதற்கேற்ற பெரிய குழலும் வேண்டும். ஒரு நீண்ட குழலுக்குப் பதில் இரு சிறு குழல்களை ஒட்டுவோர், இரண்டையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்தவேண்டும். மயிரிழை பிசகினாலும் இரண்டும் கம்பியைக் கவ்விக்கொள்ளும். கம்பியில் படியும் புகைக்கரியைத் துடைக்கவேண்டும். குழலுக்குள் வண்ணப்பூச்சு புகாமல் காக்கவேண்டும். இவை அற்பமான வேலைகளாகத் தோன்றும். ஆனால் கம்பியை விட்டு நீங்கும்போது ராக்கெட் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேகம் பெற்றிருக்கவேண்டும் என்பது இத்துறையினரின் கணக்கு. அதன்பிறகே சிறகுகள் பொறுப்பேற்கின்றன. உராய்வால் வேகம் குன்றினால் நேர்வழியும் குன்றும்.

பெரிய விண்கலங்கள் தம் எஞ்சின்களையே திருப்பித் திசையைச் சீர்செய்கின்றன. அவற்றுக்குக் கோல் வேண்டியதில்லை. அவ்வசதியில்லாத வானாய்வு ராக்கெட்டுகளுக்கோ இன்றும் ஏவுதண்டவாளம் தேவை. 1963 நவம்பர் 21-இல் தும்பாவிலிருந்து எழுந்த நைக்கி அப்பாச்சி அத்தகையதே. அதைப் பொருத்தும் பணியில் பங்கேற்றவர் இராமேசுவரத்தின் மைந்தர் அப்துல் கலாம். அமெரிக்காவின் வாலப்ஸ் தீவு மையத்தில், திப்புவின் படையினர் ராக்கெட் ஏவும் ஓவியம் மாட்டப்பட்டிருந்ததைக் கண்டு பெருமிதமடைந்ததை அவர் தம் வரலாற்றில் பதிவுசெய்துள்ளார். தன் நாடு மறந்த ஒன்றை அயல்நாடு சுவரில் மாட்டி நினைவுகூர்கிறதே என்ற ஏக்கமும் அப்பெருமிதத்தில் கலந்திருந்தது.

மாதிரி ராக்கெட் விதிகளில் ஒன்றை மட்டும் சொல்லி முடிப்போம். ஏவுகோலின் நுனி கண்மட்டத்துக்கு மேலிருக்கவேண்டும். இல்லையேல் அதற்கு மூடி இடவேண்டும். குனியும் குழந்தையின் கண்ணை அது குத்திவிடக் கூடாது என்பதே காரணம். பகைவரைத் தாக்கப் பிறந்த ஒரு கருவியின் வரலாறு, பிள்ளையின் கண்ணைக் காக்கும் ஒரு சிறு மூடியில் வந்து நிற்கிறது. அறிவு எங்கே சென்று சேரவேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?