பீஸ் கட்டையின் காலம்

1932-ஆம் ஆண்டில் பைக்காராவிலும், ஐந்தாண்டுகளுக்குப் பின் மேட்டூரிலும் நீரின் வேகத்தினின்று மின்சாரம் பிறந்து, கம்பி வழியே ஊர்களுக்குள் பிரவேசித்தபோது, அரிக்கேன் லாந்தர் ஆண்ட வீடுகளின் சுவர்களில், தேக்கு ரீப்பர்மீது பதித்த ஒயர்கள் உத்தரத்தை நோக்கி ஏறலாயின. ரப்பரும் நூற்பின்னலுமே அவற்றின் கவசம். காலக்கிரமத்தில் அந்த ரப்பர் இறுகி, தொட்டால் உதிரும்.

விளக்கு அணைந்தால், அண்டை வீட்டிலும் இருளா என்று முதலில் எட்டிப் பார்ப்பது வழக்கம். இருளாயின், அதில் ஓர் அற்ப ஆறுதலும் உண்டு. அங்கே வெளிச்சமிருந்தால், பீங்கானாலான பீஸ் கட்டையைக் கழற்றி, உருகிய கம்பியை மாற்றுவார்கள். ஆனால் அந்நாளைய அமைப்பில் ஒரு விபரீதம் இருந்தது: பல வீடுகளில் ஃபேஸுக்கு மட்டுமன்றி நியூட்ரலுக்கும் தனியே பீஸ் வைத்திருந்தமையால், நியூட்ரலின் பீஸ் உருகியதும் விளக்கு அணைந்து, மின்சாரமே போய்விட்டதென்ற பிரமையை உண்டாக்கும், ஒயரிலோ 230 வோல்ட் பூரணமாக விழித்திருக்கும். அனுபவஸ்தரான ஒயர்மேன், டெஸ்ட் லாம்ப்பை ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வைத்து, அது எரியாமை கண்டு, பின்பு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே வைத்து, எரியக் கண்ட பிறகே தோஷம் நியூட்ரலில் என்று நிர்ணயிப்பார்.

அத்தகைய வீடுகளில் இன்றும் வசிப்பவர்கள், மெயின் சுவிட்சை அணைக்காமல் பீஸ் கட்டையைத் தொடாதிருப்பார்களாக.