ரதர்ஃபோர்டின் மக்கில் நியமனம் (1898)

எர்னெஸ்ட் ரதர்ஃபோர்டு 1898 ஆகஸ்டில் கனடாவின் மாண்ட்ரியல் நகரிலுள்ள மக்கில் பல்கலைக்கழகத்தின் மக்டொனால்ட் இயற்பியல் பேராசிரியராகத் தேர்வானார். அப்போது அவருக்கு 27 வயது நிரம்பவில்லை.

பிளாட்டின மின்தடை வெப்பமானிக்காக அறியப்பட்ட ஹியூ காலண்டர் லண்டனுக்குப் போனதால் அந்தப் பதவி காலியானது. மக்கில் இயற்பியல் ஆய்வகத்தின் இயக்குநர் ஜான் காக்ஸ் ஆள் தேடிக் கேம்பிரிட்ஜ் வந்தார். காவென்டிஷ் ஆய்வகத் தலைவர் ஜே. ஜே. தாம்சன், தம் மாணவர் ரதர்ஃபோர்டை மனமாரப் பரிந்துரைத்தார். நியூசிலாந்திலிருந்து உதவித்தொகையில் வந்தவருக்குக் கேம்பிரிட்ஜில் நிலையான இடம் கிடைக்கும் வாய்ப்பும் குறைவு. ஊரில் மணப்பெண் வேறு காத்திருந்தார்.

ஆண்டுச் சம்பளம் 500 பவுண்டு. தாராளமான தொகை அல்ல. ஆய்வகத்துக்குப் பணம் தந்த புகையிலை வணிகர் வில்லியம் மக்டொனால்ட் பெருங்கோடீஸ்வரர். ஆனால் தம் செலவை ஆண்டுக்கு 250 பவுண்டில் முடித்துக்கொள்பவர். பேராசிரியருக்கு 500 போதும் என்பது அவர் கணக்கு என்று ரதர்ஃபோர்டு மணப்பெண்ணுக்கு எழுதினார். புகையிலையில் சம்பாதித்தவருக்குப் புகைபிடிப்பவர்களைக் கண்டால் ஆகாது; அவர் வருகிறார் என்றதும் ஆய்வகத்தில் புகைக்குழாய்களை ஒளித்துவைப்பார்கள் என்றொரு கதையும் உண்டு.

சம்பளத்தில் பிடித்த கையை அவர் கருவிகளில் பிடிக்கவில்லை. 1893இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தில், காந்த அளவீடுகள் பிறழக் கூடாதென்று இரும்பைத் தவிர்த்து மரம், கல், செம்பு, பித்தளை, வெண்கலம் ஆகியவற்றையே பயன்படுத்தினார்கள். பின்னர் திரவக்காற்று இயந்திரமும் வந்தது. தோரியம், ரேடியம் ஆகியவற்றிலிருந்து கிளம்பும் கதிரியக்கப் பொருளை அதன் உதவியால் 1902இல் உறையவைத்து, அது ஒரு வாயுவே என்று உறுதிசெய்ய முடிந்தது.

இன்னொரு சலுகை பணத்தால் வருவதல்ல. தம்மைவிட இளையவரான ரதர்ஃபோர்டின் திறமையைக் கண்டுகொண்ட காக்ஸ், அவருடைய வகுப்புகளில் சிலவற்றைத் தாமே எடுத்து ஆய்வுக்கு நேரம் ஒதுக்கிக் கொடுத்தார். இளம் சோதனையாளரை வேலைக்கு எடுத்துவிட்டுப் பாடச்சுமையில் அமுக்கிவிடும் துறைகள் அன்றும் இன்றும் ஏராளம். மக்கில் அந்தத் தவற்றைச் செய்யவில்லை.

1900இல் வேதியியல் துறைக்குச் செய்முறை உதவியாளராக வந்த பிரெடரிக் சாடி, அடுத்த ஆண்டு ரதர்ஃபோர்டுடன் சேர்ந்தார். கதிரியக்கத்தின்போது ஒரு தனிமம் மற்றொன்றாக மாறுகிறது என்று இருவரும் நிறுவினர். மாண்ட்ரியலில் செய்த ஆய்வுகளே ரதர்ஃபோர்டுக்கு 1908ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தன.

பரிசு வந்தபோது அவர் மக்கிலில் இல்லை. யேல் பல்கலைக்கழகத்தின் அழைப்பை மறுத்தவர், 1907இல் மான்செஸ்டருக்குப் போய்விட்டார். அங்கே ஆர்தர் ஷூஸ்டர், ரதர்ஃபோர்டு வர வேண்டும் என்பதற்காகவே தம் பேராசிரியர் பதவியை முன்கூட்டியே விட்டுக்கொடுத்திருந்தார்.