பின்பால் மேசையின் வாட்டம்

தண்ணீர் வடிவதற்காக மொட்டை மாடித் தளத்தில் வைக்கும் சாய்வைக் கீரனூர்க் கொத்தனார்கள் 'வாட்டம்' என்பர். பின்பால் மேசையில் குண்டை உருட்டி ஆட்டத்தை நடத்துவதும் வாட்டமே.

வரலாறு
18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பரவிய பேகடெல் ஆட்டமே இதன் மூலம். 1871இல் அமெரிக்காவில் மாண்டேக் ரெட்கிரேவ், குண்டைத் தள்ளும் வில்சுருள் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். உருண்டு வரும் குண்டு எந்தக் குழியில் விழும் என்பது அன்று பெரும்பாலும் அதிர்ஷ்டமே. எனவே நியூயார்க் நகரம் 1942இல் இதைச் சூதாட்டம் எனத் தடுத்தது. 1947இல் 'ஹம்ப்டி டம்ப்டி' இயந்திரத்தில் குண்டைத் திருப்பி அடிக்கும் துடுப்புகள் வந்தன. வாட்டத்தை எதிர்த்து விளையாடக் கைத்திறன் தேவைப்பட்டது. 1976இல் தடை நீங்கியது.

அளவு
பழைய மின்பொறி இயந்திரங்களுக்கு ஏறத்தாழ 3.5 பாகையும், பிந்தைய மின்னணு இயந்திரங்களுக்கு 6.5 பாகையும் வழக்கம். குறைந்தால் ஆட்டம் மந்தமாகும். கூடினால் குண்டு விரைந்து கீழிறங்கும்.

அளக்கும் முறை
முதலில் ரசமட்டத்தைக் குறுக்கே வைத்து இடவலம் சமமாக்க வேண்டும். பின்னர் 1 மீட்டர் சட்டத்தை நீளவாக்கில் மட்டமாகப் பிடித்தால், தாழ்ந்த முனையில் இடைவெளி 11.4 செ.மீ. இருக்க வேண்டும்; அதுவே 6.5 பாகை. குறைந்தால் பின்கால் திருகுகளை உயர்த்தலாம். குண்டு உருளும் பலகையின் மீதே அளக்க வேண்டும். தரையை நம்பக் கூடாது. வீட்டுத் தரைக்கும் வாட்டம் உண்டு அல்லவா!