1942இலேயே எழுதப்பட்ட எச்சரிக்கை

பெரம்பலூர், அரியலூர் பக்கம் காலையில் சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு வெங்காயக் கொல்லைக்கும் சோளக்காட்டுக்கும் கிளம்பிவிடுகிறவர்கள் உண்டு. சாப்பாடு வெயில் ஏறிய பிறகுதான். அதற்குள் வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், கண் இருட்டும். வெயில்தான் காரணம் என்று உட்கார்ந்துவிடுவார்கள். மாத்திரை சல்போனைல்யூரியா வகையாக இருந்தால் ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கியிருக்கலாம், அதாவது தாழ்சர்க்கரை. இந்த ஆபத்து மருத்துவர்களுக்கு எப்போது தெரிந்தது? அதைத் தேடித்தான் பழைய பதிவுகளுக்குள் இறங்கினேன்.

முதலில் பார்த்தது உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியல். 2013இல் சல்போனைல்யூரியா வகையில் கிளிபென்கிளமைடு இருந்த இடத்துக்கு அதே வகையின் கிளிக்ளசைடு வருகிறது. 60 வயதைத் தாண்டியவர்களுக்குக் கிளிபென்கிளமைடு ஏற்றதல்ல என்று கூடவே ஒரு குறிப்பு. அந்த மருந்தோ 1960களின் பிற்பகுதியிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. எச்சரிக்கைக்கு இத்தனை காலம் ஏன் என்று மேலும் பின்னால் போனேன்.

1970இல் அமெரிக்காவின் யூ.ஜி.டி.பி. ஆய்வு. இதே வகை மருந்தான டோல்பியூட்டமைடு சாப்பிட்டவர்களிடம் இதய நோய் மரணம் கூடுதல் என்றது. பல ஆண்டுகள் அதைச் சுற்றியே சண்டை. அதற்கும் முன்பு, 1955இல் பெர்லினில் பிராங்கே, பூக்ஸ் என்ற மருத்துவர்கள் இதே வகையைச் சேர்ந்த கார்பியூட்டமைடைக் கிருமிக்கொல்லியாகக் கொடுத்துப் பார்த்தபோது சர்க்கரை இறங்கியது. அதையே நீரிழிவு மருந்தாக்கினார்கள். ஆனால் தடயம் அங்கும் நிற்கவில்லை.

அது போய் நின்ற இடம் பிரான்சின் மோன்பெலியே நகரம், 1942. டைபாய்டுக்குப் புதிய சல்பா மருந்து ஒன்றைக் கொடுத்த மார்செல் ஜான்போன் குழுவின் குறிப்பு அது. தலைப்பே, அந்த மருந்தால் நேர்ந்த கடுமையான தாழ்சர்க்கரை விபத்துகள் என்கிறது. நோயாளிகளில் சிலர் இறந்தும் போனார்கள். அதே ஊரின் உடலியலாளர் ஒகுஸ்த் லுபாத்தியேர் நாய்களிடம் சோதித்தார். கணையத்தை அகற்றிய நாயிடம் மருந்து வேலை செய்யவில்லை. கணையத்தை இன்சுலின் சுரக்கவைத்துத்தான் அது சர்க்கரையைக் குறைக்கிறது என்று தெளிவானது.

ஆபத்தின் வேரும் இதில்தான் இருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால்தான் கணைய செல்லின் பொட்டாசியம் வாயில்கள் மூடி இன்சுலின் சுரக்க வேண்டும். சல்போனைல்யூரியாவோ, நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பாராமல் அவற்றை மூடிவிடுகிறது. சிறுநீரகம் தளர்ந்தவர்களின் உடலில் கிளிபென்கிளமைடு நீண்ட நேரம் தங்கவும் செய்யும்.

ஆகவே என் தீர்ப்பு: தாழ்சர்க்கரை பின்னாளில் தெரியவந்த பக்கவிளைவே அல்ல. அதைப் பார்த்துத்தான் இந்த வகை மருந்தையே கண்டுபிடித்தார்கள். 2019இல் வெளியான கரோலினா ஆய்வு, இதே வகை மருந்தான கிளிமிபிரைடைப் பொறுத்தவரை இதயம் பற்றிய அச்சத்தைப் பெருமளவு தணித்தது. ஆனால் அதைச் சாப்பிட்டவர்களில் 100க்குச் சுமார் 38 பேருக்குத் தாழ்சர்க்கரை வந்தது. ஒப்பிட்டுப் பார்த்த வேறு வகை மருந்தான லினாக்ளிப்டின் சாப்பிட்டவர்களில் 11 பேருக்குத்தான்.

சல்போனைல்யூரியா விலை குறைவான, நன்றாக வேலை செய்கிற மருந்து, நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாத்திரை போட்டால் சாப்பிட்டுவிட்டுக் காட்டுக்குப் போங்கள். மடியில் கொஞ்சம் சர்க்கரை இருக்கட்டும். நடுக்கம் வந்தால் மூன்று டீஸ்பூன் வாயில் போட்டுக்கொண்டு, பிறகு சாப்பிடுங்கள். மறுபடியும் இறங்கக்கூடும் என்பதால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வீட்டில் 60 வயதைத் தாண்டியவர் இருந்தால், அவருடைய மாத்திரை அட்டையைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டி, இது அவருக்கு ஏற்றதுதானா என்று கேளுங்கள்.