வயற்றாட்டியின் கையும் வைத்தியரின் ஏடும்

திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் தமிழராகிய நாம், இந்நகரின் கோயிலையும் கோட்டையையும் பற்றி மலர்தோறும் எழுதி வருகிறோம். இந்நகரத்துப் பெண்டிர் கருவுற்ற காலத்தும் மகப்பேற்றின் பின்னரும் எவ்வாறு பேணப்பெற்றனர் என்பதை இம்முறை ஆராயப் புகுகிறோம். அரசுரிமையே ஒரு பெண்ணின் வயிற்றை நம்பி நின்ற நாடு இது. ஆதலின் இச்செய்தி சிறிதன்று.

திருவிதாங்கூரில் மன்னனின் மகன் அரசனாவதில்லை. உடன்பிறந்தாள் மகனே அரியணை ஏறுவான். அரச குடியில் பெண் வாரிசு அற்றுப்போயின் மரபே அற்றுப்போகும். அந்நிலை நேர்ந்தபோதுதான் 1900ஆம் ஆண்டில் மாவேலிக்கரையிலிருந்து சேது லட்சுமி பாயி, சேது பார்வதி பாயி என்னும் இரு சிறுமியர் சுவீகாரம் கொள்ளப்பட்டனர். இளையவர் 1912இல் சித்திரைத் திருநாளை ஈன்ற பின்னரே நாடு நிம்மதி கொண்டது. பன்னீராண்டுக் காத்திருப்பு அது!

அரண்மனைக்கு இக்கவலை இருந்த அதே காலத்தில் ஆயுர்வேதக் கல்வியும் இந்நகரில் அரசின் ஆதரவைப் பெற்றது. ஸ்ரீமூலம் திருநாள் ஆட்சியில் 1889ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பாடசாலையே இன்றைய அரசினர் ஆயுர்வேதக் கல்லூரி. மலையாள நாட்டு வைத்தியர்க்குத் தலையாய நூல் வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம். அதன் சாரீர ஸ்தானம் கருவின் வளர்ச்சியையும், கருவுற்றாளைப் பேணும் முறையையும் கூறுகிறது. உத்தர ஸ்தானம் பெண்களுக்குரிய நோய்கள் இருபதை வகுத்துரைக்கிறது. மாதவிடாய், கருவைத் தாங்குதல், மகவை வெளிப்படுத்தல் ஆகிய மூன்றும் அடிவயிற்றில் உறையும் அபான வாயுவின் தொழில்கள் என்பதே இவற்றின் அடிப்படைக் கொள்கை. ஆகவே வாயுவைத் தணிக்கும் எண்ணெயும் நெய்யும் பாலுமே மருந்துகளில் முதலிடம் பெறுகின்றன. குறுந்தோட்டி வேர் 1 பங்கு, பால் 8 பங்கு, நீர் 32 பங்கு சேர்த்து, நீர் வற்றிப் பால் மட்டும் எஞ்சும்வரை காய்ச்சுவது நூல்கள் கூறும் பாற்கஷாய முறை. கருவுற்ற பெண்ணுக்கு அக்கஷாயத்தைக் கொடுப்பது இந்நாட்டு வழக்கம். அதே வேரையே முதன்மையாகக் கொண்டது தான்வந்தரத் தைலம். கரு நிலைக்கப் பல சர்ப்பிஸ் என்னும் நெய் வழங்கப்பட்டது.

நூல் இவ்வாறு இருக்க, பேற்றறைக்குள் நூல் கற்ற வைத்தியர் நுழைவதில்லை; உள்ளே இருந்தவள் வயற்றாட்டி. வயிறு என்பதோடு, மனையாட்டி, சீமாட்டி என்பனவற்றில் வரும் ஆட்டி சேர்ந்த அழகிய சொல் அது. நாம் மருத்துவச்சி என்போம். பெரும்பாலும் நாவிதர் குடியிற் பிறந்த இப்பெண்டிர்க்கு ஏடு இல்லை, கைப்பழக்கமே கல்வி. மகப்பேற்றுக்கு உதவும் மகளிர் வயது முதிர்ந்தோராய், தொழிலில் தேர்ந்தோராய், நகம் களைந்தோராய் இருத்தல் வேண்டும் என்று சுசுருதர் விதித்துள்ளார். வியன்னா நகரில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், கைகளைக் குளோரின் கலந்த நீரில் கழுவினால் பேற்றுக் காய்ச்சலால் இறப்போர் தொகை குறைகிறது என்று கண்டது 1847இல். சுசுருதர் நகத்தைக் கவனித்தது வியக்கத்தக்கது; ஆயினும் நகம் களைவது வேறு, கிருமி நீக்குவது வேறு. அவ்விதியேனும் வயற்றாட்டியின் செவிக்கு எட்டியதா? ஏட்டில் இருந்த அறிவு தொழில் செய்த கைக்குச் செல்ல வழியில்லாமற் போனதே இதில் பெருங்குறை என்போம்.

அவ்வழியை வேறொரு திசையிலிருந்து திறந்தவர் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ். பெண் என்பதால் இந்நகரின் மகாராஜா கல்லூரியில் அறிவியல் பயில இடம் மறுக்கப்பட்டவர்; வரலாறு பயின்று பட்டம் பெற்று, பின் லண்டன் சென்று மருத்துவரானார். 1916இல் தைக்காடு பெண்கள் குழந்தைகள் மருத்துவமனையில் பொறுப்பேற்றார். மருத்துவமனைக்கு வர அஞ்சிய காலம் அது. 1918இல் தம் குழந்தையை அம்மருத்துவமனையிலேயே ஈன்றார். சொல்லினும் வலிய பிரசாரம் இது. 1920இல் கேரளத்தின் முதல் சிசேரியன் அறுவையைச் செய்தார். இவற்றினும் நாம் பெரிதாக மதிப்பது, வயற்றாட்டிகளைப் பகைக்காமல் அவர்தம் மக்களுக்கே மருத்துவச்சிப் பயிற்சி அளித்ததை. பரம்பரைக் கை அப்படியே இருக்க, அதற்குத் தூய்மையும் கல்வியும் சேர்ந்தன. 1938இல் அவர் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரலானார். 2018–20 கணக்கின்படி ஒரு லட்சம் பேற்றுக்குத் தாய் இறப்பு இந்தியாவில் 97, கேரளத்தில் 19. இதற்குக் காரணங்கள் பல. தைக்காட்டில் இட்ட வித்தும் அவற்றுள் ஒன்று.

அப்படியாயின் ஆயுர்வேதம் ஒழிந்ததா? இல்லை, அது பேற்றறையை விட்டுப் பேற்றுக்குப் பிந்திய நாட்களில் நிலைகொண்டது. மருத்துவமனையிலிருந்து மீளும் தாய்க்கு இன்றும் இந்நகரத்து இல்லங்களில் தான்வந்தரக் குழம்பு பூசி, இலைகள் இட்டுக் கொதித்த நீரால் வேதுகுளி செய்விக்கிறார்கள். வேது என்பது நம் தமிழிலும் உள்ள சொல்லே. 28 நாளோ 41 நாளோ, வசதியுள்ள இடங்களில் 90 நாளோ இது நடைபெறும். சாலைக் கடைத்தெருவின் மருந்துக்கடையில் 'பேற்று மருந்து' என்று கேட்டால் போதும். நம்மவர் வீட்டுப் பிரசவ லேகியத்திற்கு அது உடன்பிறப்பு. பெற்றவளுக்கு ஓய்வும், பிறர் கையின் பணிவிடையும், நல்லுணவும் கட்டாயமாக்கப்படுவதே இம்முறையின் உயிர்நாடி என்பது நம் கருத்து. ஆனால் தண்ணீரைக் குறைத்தல் போன்ற சில வீட்டுக் கட்டுப்பாடுகளுக்கு அப்பெருமை பொருந்தாது. பாலூட்டும் தாய்க்கு அவை தீங்கே.

இக்காலத்து இளம்பெண்டிர் ஆயுர்வேதத்தை நாடுவது பெரும்பாலும் மாதவிடாய்க் கோளாறுகளுக்காகவும், ஹார்மோனோடு தொடர்புடைய சினைப்பைக் கட்டிகளுக்காகவும். ஹார்மோன் என்னும் சொல்லையே ஸ்டார்லிங் 1905இல்தான் வழங்கினார். சினைப்பை நீர்க்கட்டி நோயை ஸ்டைன், லெவன்தால் என்போர் 1935இல் விவரித்தனர். பழைய நூல்களோ தீட்டு நின்றுபோதலை நஷ்டார்த்தவம் என்றும், தீட்டு வந்தும் கருவுறாமையைக் காசியப சம்ஹிதை புஷ்பக்னி என்றும் குறிக்கின்றன. இரண்டும் ஒன்றே என்று சாதிப்பாரும், தொடர்பே இல்லை என்பாரும் உளர். ஒத்த அறிகுறி உண்டு, ஒரே நோய் என்பதற்கு உறுதியில்லை என்ற அளவில் நிற்பதே நேர்மை. உணவு, உடலுழைப்பு, உறக்கம் ஆகியவற்றை ஒழுங்கு செய்யச் சொல்லும் ஆயுர்வேத நெறியை இன்றைய மருத்துவமும் இந்நோய்க்கு முதற்படியாகவே கூறுகிறது. சப்தசாரம், சுகுமாரம் முதலிய கஷாயங்களை விளம்பரம் கண்டு தாமே வாங்கி அருந்துவோர்க்கு ஒன்று சொல்வோம்: கருவுற்றிருக்கிறோமா என்று அறியாமல் இவற்றைத் தொடுதல் ஆகாது. மிகுந்த குருதிப்போக்கு இருப்பின் முதலில் பரிசோதனை, பிறகே மருந்து. பூஜப்புரையில் ஆயுர்வேதக் கல்லூரியைச் சார்ந்த பெண்கள் குழந்தைகள் மருத்துவமனை அரசினர் பொறுப்பில் நடைபெறுகிறது. அங்கே நோயாளியின் கை பிடித்துப் பார்ப்போரில் பலர் பெண் மருத்துவர். ஏடு கற்றவரும் அவரே, பேற்றறைக்குள் செல்பவரும் அவரே.